தேயிலைப் பெட்டியும் தகரப் பெட்டியும்

அருங்காட்சியகங்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருக்கும் பொருளைப் பற்றியே எழுதுகின்றனர். அப்பொருள் காட்சிக்கு வருமுன் எங்கே கிடந்தது, காட்சி முடிந்தபின் எங்கே போய்ச் சேருகிறது, அதனைத் தாங்கும் இறாக்கை எத்தகையது, மூடும் பெட்டி எதனாற் செய்யப்பட்டது என்ற வினாக்கள் விமர்சகனின் கவனத்துக்கு வருவதில்லை. அவை தச்சனுக்கும் களஞ்சியக் காவலனுக்கும் உரிய சங்கதிகள் என்று ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால் உலகின் பெரிய அருங்காட்சியகங்களிலே பொதுமக்களுக்குக் காட்டப்படுவது அங்குள்ள பொருள்களில் ஒரு சிறு பங்கேயாகும். எஞ்சிய பெரும்பங்கு அலுமாரிகளிலும் லாச்சிகளிலும் பேழைகளிலும் இருக்கின்றது. ஆவணக் காப்பகங்களிலோ ஏறத்தாழ எல்லாமே அலுமாரிக்குள்தான். எனவே ஒரு சமுதாயம் தன் கடந்த காலத்தில் எதனை மதிக்கிறது, எதனை மதிக்க மறுக்கிறது என்பதை அறிய விரும்புவோர் காட்சிக்கூடத்தை மட்டும் பார்த்தாற் போதாது. களஞ்சிய அறையின் கதவையும் திறந்து பார்த்தல் வேண்டும்.

மலையகத்தைப் பொறுத்தவரை அவ்வாறு திறந்து பார்க்கும்போது நாம் காண்பது யாது? ஊவா மாகாணத்திலே, பதுளைக்கு அணித்தாய், நமுனுகுல மலைத்தொடரின் சரிவில் அமைந்த ஸ்பிரிங்வெளியை எடுத்துக்கொள்வோம். ஊற்றுகள் நிறைந்த பள்ளத்தாக்கு என்று பொருள்படத் துரைமார் தம் மொழியில் வைத்த பெயர் அது. தொழிலாளரின் நாவில் அப்பெயர் வளைந்தது. பள்ளத்தாக்கைக் குறித்த அயற்சொல் 'வெளி' என்னும் தமிழ்ச்சொல்லாகவே எழுத்தில் நிலைத்துவிட்டது. பெயரே ஓர் ஆவணம் அல்லவா? கூலியாய்க் கொண்டுவரப்பட்ட மக்கள் தாம் உழைத்த மண்ணைத் தம் மொழிக்குள் எவ்வாறு இழுத்துக்கொண்டனர் என்பதற்கு அது சான்று பகர்கின்றது. இதுபோன்ற பெயர்களையும், அவற்றோடு பிணைந்த ஏடுகளையும் கருவிகளையும் கடிதங்களையும் படங்களையும் வைத்துக் காக்க ஒரு முறையான அலுமாரி ஊவாத் தோட்டப்புறத்துக்குக் கிடைத்திருக்கின்றதா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

* * *

பேணி வைத்தல் தமிழருக்குப் புதிய கலையன்று. பேழை, பெட்டகம், பரண், நிலவறை என நமது மொழியிலே வைப்பிடங்களுக்குப் பெயர்கள் பல உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் செய்யப்பட்ட பெரிய மரப்பெட்டிகள் சிங்கள மொழியில் இன்றும் 'பெட்டகம' என்றே வழங்கப்படுகின்றன. ஓலைச்சுவடியின் அமைப்பே ஒரு காப்பு முறைதான்: இருபுறமும் மரச்சட்டம், துளைவழி ஓடும் கயிறு, மேலே சுற்றிய துணி. வசம்பும் வேப்பிலையும் அருகே வைத்துப் பூச்சியை விலக்கினர். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு முதலியவற்றின் பொடியைத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையே வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது.

ஆயினும் நம் மரபு சொல்லும் மற்றொரு பாடத்தை மறத்தலாகாது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டிவைக்கப்பட்டிருந்ததாகவும், இராசராசன் காலத்தில் அக்கதவு திறக்கப்பட்டபோது அவற்றிற் பெரும்பகுதியைச் செல் அரித்துவிட்டிருந்ததாகவும் கூறும் கதையை யாவரும் அறிவர். அக்கதையைப் பக்தி நோக்கிற் பார்ப்போர் எஞ்சிய பதிகங்களைக் கண்டு ஆறுதல் கொள்வர். சமூக நோக்கிற் பார்ப்போர் கேட்கவேண்டிய கேள்வி வேறு: கதவைப் பூட்டியவர் யார்? திறக்கும் உரிமை யாரிடம் இருந்தது? 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சுவடி தேடி அலைந்த உ. வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூரிலே பழைய ஏடுகள் நெருப்பில் இடப்பட்ட செய்தியைக் கேட்டு வருந்தியமையும் தமிழுலகம் அறிந்ததே. பூட்டு மட்டும் காப்பு ஆகாது. பெருமை பேசுவது மட்டும் காப்பு ஆகாது. காற்று, ஈரம், பூச்சி, நெருப்பு, அதிகாரம் ஆகிய ஐந்துக்கும் ஈடுகொடுக்கும் ஏற்பாடே காப்பு.

மேனாட்டில் இவ்வேற்பாடு ஒரு தனித்தொழிலாய் வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டிலே லின்னேயசு உலர்தாவரத் தாள்களைத் தைத்துக் கட்டாமல் தனித்தனியே அடுக்கிவைக்கும் அலுமாரி ஒன்றை வகுத்தார். புதிய செடி ஒன்று கிடைத்தால் உரிய இடத்திற் செருகிக்கொள்ள அது வசதி தந்தது. அவருடைய மாணவர் டானியல் சொலாண்டர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற் பணியாற்றியபோது உருவாக்கிய, புத்தகம் போலத் திறக்கும் மூடிப்பெட்டி இன்றுவரை அவர் பெயராலேயே வழங்குகிறது. அதே அருங்காட்சியகத்தில் 1887 முதல் நகரும் புத்தக அடுக்குகள் தொங்கவிடப்பட்டன. பிரித்தானியப் பிரதமராயிருந்த கிளாட்ஸ்டன் 1890-இல் புத்தகங்களுக்கு வீடமைப்பது பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுவிட்சர்லாந்திலிருந்து பரவிய, தண்டவாளத்தில் உருளும் இரும்பு அடுக்குகள் இன்று உலகெங்கும் காப்பகங்களை நிறைத்துள்ளன. இடையே ஒரேயொரு நடைபாதை விட்டு, வேண்டிய இடத்தில் அதனைத் திறந்துகொள்ளும் முறை அது.

இவ்வளர்ச்சியைத் தனிமனிதரின் கெட்டித்தனம் என்று மட்டும் கொள்ளுதல் பிழையாகும். சொலாண்டர் கப்பித்தான் குக்கின் கப்பலில் உலகைச் சுற்றியவர். ஐரோப்பியக் கப்பல்கள் தொலைநாடுகளிலிருந்து அள்ளிச் சென்ற செடிகளும் சிப்பிகளும் சிலைகளும் ஏடுகளும் மலையாய்க் குவிந்தன. குவிந்தவற்றை வகைப்படுத்தி ஆள்வதற்கு அலுமாரி தேவைப்பட்டது. பேரரசு விரிந்தபோது லாச்சிகளும் பெருகின. அறிவியலின் தேவையும் ஆதிக்கத்தின் தேவையும் அவ்வலுமாரிக்குள் ஒன்றாகவே புகுந்தன எனலாம்.

* * *

இனி மலையகத்துக்கு வருவோம். தொழில்நுட்ப நுணுக்கத்தோடு செய்யப்பட்ட ஒரு காப்புப் பெட்டி இங்கே இருந்ததில்லை என்று எவரும் கூறமுடியாது. இருந்தது, லட்சக்கணக்கில் இருந்தது. அதுதான் தேயிலைப் பெட்டி.

உலர்த்தி முடித்த தேயிலையில் ஏறத்தாழ 3 சதவீத ஈரமே இருக்கும். ஈரத்தையும் பிறபொருள்களின் மணத்தையும் விரைவில் இழுத்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. எனவே ஒட்டுப்பலகையிற் சதுரப்பெட்டி செய்து, உள்ளே ஈயத்தகடும் பிற்காலத்தில் அலுமினியத் தாளும் விரித்து, விளிம்புகளிலே உலோகப் பட்டை அடித்து, மேலே தோட்டத்தின் பெயரையும் தரத்தையும் எண்ணையும் நிறையையும் பொறித்து அனுப்பினர். காலநிலை மாறும் கடல்வழியில் வாரக்கணக்காகப் பயணம் செய்து லண்டன் ஏலத்துக்குச் சென்றபோதும் உள்ளிருந்த இலை தன் மணத்தை இழக்கவில்லை. பின்னாளில் பலபடைக் காகிதச் சாக்குகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் ஈரம் புகாமை, மணம் புகாமை, அடுக்க எளிமை, உள்ளிருப்பதை வெளியிலேயே அறியத்தரும் குறிப்பு என்று இன்றைய காப்பக நிபுணர் ஒரு பெட்டியிடம் எதிர்பார்க்கும் இலட்சணங்கள் யாவும் அந்தப் பழைய பெட்டியில் அமைந்திருந்தன.

அந்த இலையைக் கிள்ளிய பெண்ணின் பிறப்புச் சான்று எங்கே இருந்தது? லயத்திலே, 10 அடிக்கு 12 அடி அறையிலே, அடுப்புப் புகைக்கும் கூரைக் கசிவுக்கும் இடையே, கட்டிலின் கீழோ மூலையிலோ கிடந்த தகரப் பெட்டியில் இருந்தது. சேலை, நகைச்சீட்டு, சங்கத்துச் சந்தாச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், இறந்தவரின் படம் எல்லாம் அதே பெட்டிக்குள்தான். ஒரு குடும்பத்தின் அருங்காட்சியகமும் அதுவே, ஆவணக் காப்பகமும் அதுவே. தேயிலைக்குக் கிடைத்த காப்பு மனிதனின் சான்றுக்குக் கிடைக்கவில்லை. இதனை வெறும் உவமையாகக் கொள்ளலாகாது. அச்சமுதாயத்தின் அளவுகோலே இதில் வெளிப்படுகின்றது. ஏற்றுமதிக்குரிய சரக்கு எதுவோ அதற்கே பெட்டி செய்யப்பட்டது.

இந்த வேற்றுமை எத்துணைக் கொடிய விளைவைத் தந்தது என்பதை இலங்கையின் குடியுரிமை வரலாறு காட்டுகின்றது. 1948-இல் இயற்றப்பட்ட 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் அல்லது முன்னோரின் பிறப்பை நிறுவும்படி கேட்டது. 1949-இல் வந்த 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் 1946ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டும், மணமாகாதவராயின் 10 ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானோரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். இதற்கு அடிப்படைக் காரணம் அரசியற் பகையே என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பகை கையிலேந்திய கருவி காகிதமாகும். நாள்தோறும் பிரட்டுக்களத்திற் பேர் கொடுத்த மனிதன் அத்தோட்டத்தில் வாழ்ந்தான் என்பதற்குச் செக்ரோலைக் காட்டிலும் வலிய சான்று யாது? அந்தச் செக்ரோல் அவனுடைய தகரப் பெட்டியில் இல்லை; தோட்டத்துக் கந்தோரின் அலுமாரியில் இருந்தது. சான்று ஒருவர் கையில், தேவை மற்றொருவர் கையில்! 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாய்ப் பிரித்தது. எந்த அலுமாரியையும் தம் கையில் வைத்திராத மக்களே இவ்வாறு எண்களாய் வகுக்கப்பட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நாடற்றவர் என்ற சொல் அம்மக்களின் தலைமேல் தொங்கியது.

* * *

கம்பனிகளின் ஏடுகளுக்கு அந்த விதி நேரவில்லை. ஹரிசன்ஸ் அண்ட் குரொஸ்பீல்ட் போன்ற நிறுவனங்களும் அவற்றோடு இணைந்த பெருந்தோட்டக் கம்பனிகளும் விட்டுச்சென்ற ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் வகைப்படுத்தி வைக்கப்பட்டுள்ளன. 1890-இல் இலங்கைக்கு வந்து, ஊவாவின் தம்பேதென்னவைத் தன் தேயிலை வாணிபத்தின் மலைக்கோட்டையாக்கிக்கொண்ட தோமசு லிப்டன் சேர்த்துவைத்த பத்திரிகைத் துணுக்கேடுகள் கிளாஸ்கோவின் மிச்செல் நூலகத்தில் உள்ளன. ஊவாவின் மலையிலே உழைத்தவரைப் பற்றி அறிய விரும்பும் பதுளை மாணவன், உழைப்பை வாங்கியவரின் ஏட்டைத் தேடித் தேம்ஸ் நதிக்கரைக்கும் கிளைட் நதிக்கரைக்கும் போகவேண்டியவனாகின்றான். போய்ப் படித்தாலும் அவன் காண்பது விளைச்சலும் விலையும் இலாபப் பங்குமேயாகும். பேர்கள் அங்கே எண்ணாக நிற்கின்றன.

இலங்கையிலேயே என்ன நடந்தது? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992-இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் நிலமும் இயந்திரமும் கட்டடமும் விலைமதிக்கப்பட்டன. பழைய செக்ரோலுக்கோ, மருந்தகப் பதிவேட்டுக்கோ, பிள்ளைமடுவத்துப் பெயர்ப்பட்டியலுக்கோ சந்தையில் விலை கிடையாது. விலையில்லாத ஒன்றுக்கு அலுமாரி செய்ய முதலாளித்துவக் கணக்கில் இடமேது? 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் அரச ஆவணங்களைப் பேணும் கடமையை வரையறுத்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் லயத்துக் குடும்பத்தின் தகரப் பெட்டி அரச ஆவணம் அன்று. அதனைத் தேடிச் சென்று காக்கும் ஓர் ஏற்பாடு மக்களின் முயற்சியால்தான் வரவேண்டும்.

* * *

மலையகத்தில் இன்று தேயிலையின் வரலாற்றைச் சொல்ல இரண்டு அருங்காட்சியகங்கள் முன்னிற்கின்றன. இரண்டையும் ஒப்பிடுதல் பயனுடைத்து.

முதலாவது, கண்டிக்கு அருகே ஹந்தானையில் 2001-இல் திறக்கப்பட்ட இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம். 1925-இல் கட்டப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்த நான்கு மாடித் தொழிற்சாலையைத் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் புதுப்பித்து அதனை அமைத்தன. பழைய உருளைகளும் உலர்த்திகளும் எஞ்சின்களும் அங்கே துடைத்துத் துலக்கப்பட்டு நிற்கின்றன. இயந்திரங்களைக் காப்பதில் அது செய்த தொண்டு பாராட்டுக்குரியது. தொழிற்சாலையையே களஞ்சியமாக்கியமை மதிநுட்பமான செயல். ஆனால் அக்கட்டடம் சொல்லும் கதை சேம்சு டெயிலர், லிப்டன் முதலிய முன்னோடிகளின் கதை. இயந்திர முன்னேற்றத்தின் கதை. இயந்திரத்தை ஓட்டிய கை அங்கே துணைப்பாத்திரமாகவே நிற்கின்றது.

இரண்டாவது, கம்பளைக்கு அருகே பாரதெக்கவில், பழைய பீகொக் தோட்டத்தின் லயம் ஒன்றில் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007-இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, சமையற் பாத்திரம், படங்கள், ஏடுகள் என்று தொழிலாளரின் வாழ்வையே அது மையமாக்கியது. உழைப்பவனை வரலாற்றின் நாயகனாக நிறுத்திய அம்முயற்சியை முற்போக்காளர் யாவரும் போற்றவே வேண்டும். லயத்தையே அருங்காட்சியகமாக்கியதில் ஓர் ஆழ்ந்த கருத்தும் இருக்கின்றது: இவ்வறையே முதற் சான்று என்று அது சொல்லாமற் சொல்கின்றது.

ஆயினும் நட்போடு ஒரு விமர்சனத்தை முன்வைத்தல் தகும். காட்சிக்கு வைத்தல் வேறு. காப்பில் வைத்தல் வேறு. லயம் என்பது மனிதரின் நலத்தைக் கருதாது கட்டப்பட்ட கட்டடம். மனிதரின் மூச்சைக் கெடுத்த அதே ஈரமும் அதே புழுக்கமும் காகிதத்தையும் கம்பளியையும் கெடுக்கும். லயத்தைக் காட்சிப்பொருளாக வைத்துக்கொண்டு, அதனுள் காட்டப்படுவனவற்றின் மூலங்களை வேறொரு நல்ல களஞ்சியத்தில் வைப்பதே முறையாகும். சிறிய அருங்காட்சியகங்கள் அனைத்துக்கும் இவ்விடர் பொதுவானது என்பதை உணர்ந்தே உரோமாபுரியிலுள்ள ஐக்ரோம் என்னும் சர்வதேச நிறுவனம் யுனெஸ்கோவோடு சேர்ந்து, சிறு களஞ்சியங்களைக் குறைந்த செலவில் ஒழுங்குபடுத்தும் வழிமுறை ஒன்றை வகுத்துள்ளது. தரையிற் கிடப்பதைத் தூக்கு. ஒன்றின்மேல் ஒன்று குவிந்ததைப் பிரி. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஓர் எண்ணும் கொடு. தேடினாற் சில நிமிடங்களிற் கிடைக்கும்படி செய் என்பதே அதன் சாரம். பெரும்பணத்துக்கு முன் ஒழுங்கு வேண்டும் என்னும் இப்பாடம் நமக்கு மிகவும் ஏற்றது.

* * *

ஊவாவின் பொருள்களுக்கு எத்தகைய அலுமாரி வேண்டும்? இவ்வினாவை இங்குள்ள காற்றிடமிருந்தே தொடங்க வேண்டும். யூலை முதல் செப்தெம்பர் வரை மலைகளைக் கடந்து வரும் வரண்ட கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் புகழ்பெற்ற மணத்தைத் தருகின்றது. அதன்பின் வரும் வடகீழ்ப் பருவமழை ஆண்டின் முடிவுவரை மலைகளை நனைக்கின்றது. தேயிலைக்கு வரமாயமைந்த இந்த மாற்றம் ஏட்டுக்குச் சாபம். வரட்சியிலே காகிதமும் மரமும் சுருங்குகின்றன, ஈரத்திலே விரிகின்றன, ஆண்டுதோறும் சுருங்கி விரிந்து நார் தளர்கின்றது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றாற் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதனைத் தொடர்ந்து இராமபாணப் பூச்சியும் கறையானும் வந்து சேரும்.

ஆகவே பூட்டிய இரும்பு அலுமாரி ஒன்றை வாங்கி மூலையில் நிறுத்திவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுதல் தவறு. காற்றோட்டமற்ற இரும்பு அலுமாரிக்குள் மழைக்காலத்து ஈரம் சிறைப்பட்டு உள்ளேயே பூஞ்சணம் வளர்க்கும். தில்லை அறையின் கதையேதான். அலுமாரியின் கதவிலும் முதுகிலும் சிறு துளைகள் வேண்டும். அவற்றைப் பூச்சி நுழையா வலையால் மூட வேண்டும். அடித்தட்டு நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்த வேண்டும். மரத்தாற் செய்வதாயின் எந்த மரம் என்பதிலும் கவனம் தேவை. ஓக் முதலிய சில மரங்கள் அமில ஆவியை வெளிவிட்டு ஈயம் போன்ற உலோகங்களை அரிக்கும். அழுத்துத் தூள்பலகை இதனினும் தீங்கானது. சூளையில் வண்ணத்தூள் உருக்கிப் பூசிய இரும்பே இன்று பெரும்பாலோர் பரிந்துரைக்கும் பொருள்.

பொருளுக்குப் பொருள் வீடும் மாறுபடும். தோட்டத்தின் நிலப்படங்களை மடித்தால் மடிப்பிலே கிழியும். அவற்றுக்கு அகன்று ஆழங்குறைந்த லாச்சிகள் வேண்டும். கம்பளியையும் சேலையையும் ஆணியிற் தொங்கவிட்டாற் தம் பாரத்தாலேயே நைந்துபோகும். அமிலமற்ற தாள் விரித்துப் படுக்கவைக்க வேண்டும், அல்லது உருளையிற் சுற்ற வேண்டும். மூங்கிற் கூடைக்கு லாச்சி உதவாது. அகன்ற திறந்த தட்டும், வாய் குலையாதபடி உள்ளே அடைக்கும் துணிப்பந்தும் வேண்டும். காமன் கூத்தில் அதிர்ந்த தப்பின் தோல் வரண்ட காலத்தில் இறுகி வெடிக்கும். அதனைக் கூரையின் வெப்பத்துக்கும் சுவரின் ஈரத்துக்கும் அப்பால் வைக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அக்கரையிலிருந்து ஆள் கொண்டுவந்தபோது தோட்டத்தின் எண் பொறித்துத் தொழிலாளியின் உடலில் அணிவித்த தகர வில்லை போன்றவை சிறியவை; மெத்தையிட்ட குழிகளுள்ள தட்டில், ஒவ்வொன்றுக்கும் தனிக்குழியாக, வைக்க வேண்டியவை. ஒலிப்பதிவு நாடாக்களைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைக்க வேண்டும். பழைய படச்சுருள் புளித்த வாடை வீசத் தொடங்கினால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். அந்த நோய் தொற்றும் நோய்.

இவற்றையெல்லாம் விட முக்கியமான அலுமாரி ஒன்று உண்டு. அதுவே அட்டவணை. தோட்டம் ஒவ்வொன்றுக்கும் துரை வைத்த பெயர் ஒன்று. தொழிலாளர் வழங்கிய பெயர் ஒன்று. ஆங்கிலப் பெயரை மட்டும் தலைப்பாய்க் கொண்ட அட்டவணையிலே தொழிலாளியின் பேரன் தன் பாட்டனின் தோட்டத்தைத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டான். இரு பெயரும் எழுதப்பட வேண்டும்; அன்றேல் அலுமாரி திறந்திருந்தும் அவனுக்குப் பூட்டியதேயாகும்.

* * *

இரு தரப்பினர் இதனை மறுத்துரைக்கக் கூடும். ஒரு சாரார், காலம் மாறிவிட்டது, எல்லாவற்றையும் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் அலுமாரி எதற்கு என்பர். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் ஈழத்து அச்சையும் ஏட்டையும் காப்பதில் ஆற்றியுள்ள பணி அளப்பரியது. 1981 யூன் முதலாந் திகதி எரிந்து முடிந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களுக்கும் சுவடிகளுக்கும் அன்று படிகள் இருந்திருந்தால் என்ற ஏக்கம் அப்பணியின் பின்னால் நிற்கின்றது. ஆனால் படி என்பது மூலத்துக்கு மாற்றன்று. படமெடுக்குமுன் மூலம் சிதையாது இருக்க வேண்டும்; படமெடுத்தபின் அது குப்பைக்குப் போகாதிருக்க வேண்டும். கூடையின் எடையையும் வில்லையின் தேய்வையும் திரையிற் காண இயலாது. கோட்டையூரிலே ரோஜா முத்தையா தம் இல்லத்திலேயே நூல்களைச் சேர்த்துப் பூச்சியிலிருந்து காத்துவந்தமையாலன்றோ, அவர் 1992-இல் மறைந்தபின் அச்சேகரம் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக மலர முடிந்தது? முதலில் அலுமாரி, பின்னரே படி.

மற்றொரு சாராரின் வாதம் நம் அணியிலிருந்தே எழுவது. எனவே கூடிய மதிப்போடு அதற்கு விடை கூறல் வேண்டும். நியாயமான கூலியும் சொந்தக் காணியும் ஒழுங்கான வீடும் இல்லாத மக்களுக்கு அருங்காட்சியக அலுமாரி ஒரு கேடா என்று அவர்கள் கேட்பர். கூலியும் காணியும் வீடும் முதலிடம் பெறவேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் இம்மூன்றுக்குமான போராட்டத்திலும் காகிதம் குறுக்கிடுகின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சேமலாப நிதி கேட்கும் ஓய்வுபெற்ற தொழிலாளி எத்தனை ஆண்டு பேர் போட்டான் என்பதற்கு ஏடு வேண்டும். தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த வீட்டடிக்கு உரிமை கேட்பவனுக்கு வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டும். 1983 யூலைக் கலவரம் பதுளையை எரித்தபோதும், 2014 ஒக்தோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோதும், 2025 நவம்பர் இறுதியிலே புயல்மழை மலையகத்தை உலுக்கியபோதும், வீடு அழிந்த இடத்திலெல்லாம் அதனுள்ளிருந்த பெட்டியும் அழிந்தது. உயிரிழப்பின் முன்னே காகித இழப்பு சிறிதே. ஆனால் உயிர் தப்பியவர் மறுநாட் காலையிலே நிவாரணத்துக்கும் காணிக்கும் வரிசையில் நிற்கையில் முதலிற் கேட்கப்படுவது அந்தக் காகிதமே.

போராட்டமும் தன் நினைவைக் காத்தல் வேண்டும். 1940-இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமக்கெனச் சபை ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தோட்டத்துரையோடு நேர்நின்று பேசினர். காலனியாட்சியின் நிழலிலே, எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் கண்ட சனநாயகம் அது. அரசின் காவற்றுறை அறிக்கைக்கு ஒரு காப்பகம் உண்டு. கம்பனியின் கடிதத்துக்கு ஒரு காப்பகம் உண்டு. அச்சபையில் அமர்ந்தோரின் பேரப்பிள்ளைகளிடம் எஞ்சிய ஒரு படத்துக்கு, ஒரு சந்தாச் சீட்டுக்கு, ஒரு வாய்மொழிக் கதையின் பதிவுக்கு உரிய லாச்சி எங்கே? வென்றவனின் ஏடு மட்டும் எஞ்சினால், நாளைய வரலாற்றாசிரியன் எவ்வளவு நேர்மையுள்ளவனாயினும் வென்றவனின் வரலாற்றையே எழுதுவான்.

2023-இல் மலையக மக்கள் தம் வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். முன்னோர் நடந்த வழியை மீண்டும் நடத்தல் உணர்ச்சி மிக்க செயல். அந்த நடையை முடித்தபின் செய்யவேண்டிய வேலை உணர்ச்சி குறைந்தது, ஆனால் நெடுங்காலம் நிற்பது. ஊவாவில் ஒரு பாடசாலையோ, ஒரு தொழிற்சங்கக் காரியாலயமோ, ஒரு வாசிகசாலையோ தன் அறைகளில் ஒன்றை ஒதுக்கித் தரலாம். அவ்வறை உயர்ந்த தரையும் ஒழுகாத கூரையும் உடையதாய், மண்சரியும் சரிவுக்கு அப்பாற்பட்டதாய் இருத்தல் வேண்டும். கோண இரும்பில் அடுக்குகளைப் பொருத்துவதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டியதில்லை. பதுளையின் ஒட்டு வேலைக்காரரும் தோட்டத்துத் தச்சரும் போதும். அட்டவணை எழுத ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; லயம் லயமாகச் சென்று, பெட்டியைப் பறிக்காமல், உடையவரின் சம்மதத்தோடு உள்ளிருப்பதைப் பதிந்து, மூலத்தை வைத்திருக்க விரும்புவோருக்கு ஒரு நல்ல மூடிப்பெட்டியையாவது கொடுத்து வர மாணவர்கள் இருக்கிறார்கள்.

அவ்வாறு அமையும் அறையின் சாவி யார் கையில் இருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்தல் வேண்டும். ஒரு தலைவரின் சட்டைப்பையிலோ, ஒரு கொடையாளியின் மேசையிலோ அது தங்கிவிட்டால் பழைய கந்தோர் அலுமாரி புதிய வண்ணத்தில் நம்மிடையே நிற்கும். ஏட்டுக்கு உரியவர் வந்து கேட்கும்போது திறக்கப்படும் அலுமாரியே மக்களின் அலுமாரி. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலையை ஈரம் படாமற் காத்து உலகெங்கும் அனுப்பிய மலையகம், தன் மக்களின் பேரையும் அவ்வாறு காக்கும் திறனுடையதே. அதற்கான பெட்டியைச் செய்யும் வேலையை ஸ்பிரிங்வெளியிலிருந்து தொடங்கினால் என்ன?